கோத்தர் தோற்கருவிகளும் அவற்றைத் தேடிச் சேர்த்தவர்களும்

கோத்தர் தோற்கருவிகள் என்பவை நீலகிரி மலையில் வாழும் கோத்தர் பழங்குடியினர் தெய்வ வழிபாட்டிலும் ஈமச் சடங்குகளிலும் வாசிக்கும் மேள வகைகள் ஆகும். தபட்க், தொபர், கிண்வர் என்ற மூன்றும் இவற்றுள் முதன்மையானவை. இவை தனித்து ஒலிப்பதில்லை. ‘கொள்’ எனப்படும் குழலுடனும் ‘கொப்’ எனப்படும் வளைந்த ஊதுகொம்புடனும் சேர்ந்தே ஒலிக்கும். ஒரு காலத்தில் நீலகிரியின் எல்லா மேட்டுநிலச் சமூகங்களுக்கும் பொதுவான இசையாக இருந்த இது, 1930களுக்குப் பின் பெரும்பாலும் கோத்தர்களின் சொந்த இசையாகச் சுருங்கியது. அந்தச் சுருக்கம் இழப்பா, விடுதலையா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற முடியாது.

கோத்தர்களும் அவர்களுடைய ஊர்களும்

தமிழ்நாட்டில் மிகவும் பாதிப்புக்குள்ளாகக்கூடிய பழங்குடிகள் என அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு சமூகங்களில் கோத்தர் ஒன்று. தோடர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் மற்ற ஐவர். கோத்தர் மக்கள்தொகை மிகச் சிறியது; ஏழு ஊர்களுக்குள் அடங்கிவிடும். ஊரை அவர்கள் ‘கோக்கால்’ என்பர். திருச்சிக்கடி, கொல்லிமலை, குந்தா கோத்தகிரி, கோத்தகிரி, கீழ்க் கோத்தகிரி, சோலூர் கோக்கால், கூடலூர் கோக்கால் என்பவை அந்த ஏழு. இங்கே சொல்லப்படும் கொல்லிமலை நீலகிரியில் உள்ள சிற்றூர். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையோடு மாணவர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. கோத்தகிரி என்ற ஊர்ப்பெயரே கோத்தர்களிடமிருந்து வந்தது என்று விளக்குவர்.

கோத்தர்களின் மொழி தமிழ், மலையாளம், தோடா ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் தென் திராவிட மொழி. எழுத்து வடிவம் கிடையாது. தமிழில் மெல்லின ஒற்றோடு வரும் சில சொற்கள் கோத்தர் மொழியில் அந்த ஒற்று இல்லாமல் ஒலிக்கும். தமிழின் ‘கொம்பு’ அங்கே ‘கொப்’ ஆகிறது. தமிழின் ‘தம்பட்ட’த்தை நினைவுபடுத்தும் ‘தபட்க்’ என்ற சொல்லையும் இதே வரிசையில் வைத்துப் பார்க்கலாம். (இந்தச் சொற்களின் ப, ட ஒலிகளைத் தமிழ் எழுத்தில் துல்லியமாகக் காட்ட இயலாது, ‘தபட்க்’ என்பதன் நடுவில் வருவது ‘அம்பு’ என்ற சொல்லில் கேட்கும் ப ஒலி.) ‘கிண்வர்’ என்ற பெயரைக் கண்டதும் சங்க இலக்கியத்தின் ‘கிணை’ என்ற பறை நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் ஒலி ஒத்திருப்பது மட்டுமே உறவுக்குச் சான்று ஆகாது. இணையத்தில் இப்படிப்பட்ட பொருத்தங்கள் எளிதாக உண்மைகளாகிவிடுகின்றன என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய நீலகிரியில் பணப்புழக்கம் குறைவு. ஒவ்வொரு சமூகமும் தன் தொழிலை மற்றவர்களுக்கு அளித்து, வேண்டியதைப் பெற்றது. தோடர் எருமை மேய்த்தனர். படுகர் பயிர் செய்தனர். குறும்பர் காட்டுப் பொருள்களைக் கொண்டுவந்தனர். அவர்களுடைய மந்திர ஆற்றலுக்கு மற்றவர்கள் அஞ்சினர். கோத்தர்கள் கொல்லர், தச்சர், தோல் வேலை செய்வோர் என்று பல தொழில்கள் அறிந்தவர்கள். அவர்களுடைய பெண்கள் மண்பாண்டம் வனைந்தனர். இத்தனைக்கும் மேலாக அவர்கள் மலையின் இசைக்காரர்கள். படுகர் வீட்டில் சாவு விழுந்தால் கோத்தர் மேளம் வரவேண்டும். தோடர் ஈமச் சடங்குக்கும் அப்படியே. பதிலுக்குப் படுகரிடமிருந்து தானியமும், தோடரிடமிருந்து நெய்யும் எருமை இறைச்சியும் கிடைத்தன. மற்றவர் சடங்குகளுக்கு மேளம் கொடுத்த கோத்தர்களுக்கு அந்தச் சமூகங்களின் பார்வையில் தாழ்ந்த இடமே தரப்பட்டது. இந்த முரண்தான் பின்னால் வெடித்தது.

கருவிகள்

தபட்க் ஒருமுகத் தோற்கருவி. வட்டச் சட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் தோல் போர்த்தப்பட்டிருக்கும், மறுபக்கம் திறந்தது. சமவெளியின் பறையையும், கர்நாடக இசை மேடையின் கஞ்சிராவையும், அரபு நாடுகளின் தஃப்பையும் இதே குடும்பத்தில் சேர்க்கலாம். சட்டத்தின் ஆழம் அதன் குறுக்களவைவிடக் குறைவாக இருப்பதுதான் இந்தக் குடும்பத்தின் பொது அடையாளம். உலகின் மிகப் பழைய மேள வடிவங்களில் இதுவும் ஒன்று. மெசொப்பொத்தேமியச் சிற்பங்களிலேயே சட்ட மேளம் வாசிப்போர் உருவங்கள் உள்ளன.

தொபரும் கிண்வரும் உருளை வடிவ மேளங்கள். இரண்டு முகத்திலும் தோல் உண்டு. தொபர் பெரியது, தாழ்ந்த ஒலி தருவது. கிண்வர் அதைவிடச் சிறியது. குழலான ‘கொள்’ சீவாளி பொருத்தி ஊதும் கூம்புக் குழல். நாகசுரத்தின் சிறிய உறவினர் என்று சொன்னால் படத்தைப் பார்க்காதவருக்கும் ஓரளவு புரியும். மூச்சை மூக்கால் இழுத்துக்கொண்டே கன்னத்தில் அடக்கிய காற்றால் ஊதுவதால் இசை அறுபடாமல் ஓடும். கொப் என்பது பிறை போல் வளைந்த பித்தளைக் கொம்பு.

குழுவில் ஒவ்வொரு மேளத்துக்கும் தனித்தனி அடி உண்டு. தபட்க் ஒன்றைச் சொல்லும். தொபர் அதன் இடைவெளியில் வேறொன்றைச் சொல்லும். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் எளிமையாகத் தோன்றும். சேர்ந்து ஒலிக்கும்போது பிறக்கும் தாளம் அவற்றில் எந்த ஒன்றிலும் இல்லாதது. அந்தத் தாளச் சுழற்சி திரும்பத் திரும்ப வர, அதன் மேல் குழலின் பாட்டு ஓடும். குழல் எல்லா இடத்திலும் தாளத்தோடு ஒட்டிப் போவதில்லை. சில இடங்களில் நெகிழ்ந்து நீண்டு, குறிப்பிட்ட புள்ளிகளில் தாளத்தோடு வந்து சேரும். இந்த இசையை 1990களிலிருந்து ஆராய்ந்து வந்த ரிச்சர்டு வுல்ஃப், அந்தச் சேருமிடங்களைக் கப்பல் நங்கூரமிடுவதற்கு ஒப்பிட்டார்.

நீலகிரியில் மேளம் வாசிப்பவருக்கு மழையும் மூடுபனியும் பெரிய தொல்லை. தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் ஏறினால் இழுவிசை குறைகிறது, எடையும் சற்றுக் கூடுகிறது; இரண்டுமே ஒலியின் சுருதியைத் தாழ்த்தும். இயற்பியல் பாடத்தில் கம்பியின் அதிர்வெண்ணுக்குச் சொல்லும் விதியே இங்கும் பொருந்தும்: இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும், எடை கூடினால் குறையும். மத்தளம், மிருதங்கம் போன்றவற்றில் வாரை இறுக்கிச் சரிசெய்யலாம். சட்டத்தில் தோலை ஒட்டியோ பிணைத்தோ வைத்திருக்கும் மேளத்தில் அந்த வசதி இல்லை. எனவே வாசிக்கும் முன் தீ மூட்டி, மேளத்தை வெம்மையில் காட்டித் தோலை இறுக்குவார்கள். கஞ்சிராக் கலைஞர் இதற்கு நேர்மாறாக, தோலின் உட்புறத்தில் சில துளி நீர் தடவிச் சுருதியை வேண்டுமென்றே தாழ்த்துகிறார்! ஒரே குடும்பத்துக் கருவிகள் இரண்டில் ஒன்று நெருப்பைத் தேடுகிறது, மற்றொன்று நீரைத் தேடுகிறது.

எங்கே, எப்போது ஒலிக்கும்

கோத்தர் குழலிசையை அது ஒலிக்கும் சந்தர்ப்பத்தால் பிரிப்பர். தெய்வத்துக்குரியவை ‘தேவ்ர் கொள்’, சாவுக்குரியவை ‘தாவ் கொள்’, ஆட்டத்துக்குரியவை ‘ஆட் கொள்’. ‘கொள்’ என்பது கருவியின் பெயராகவும் அதில் வாசிக்கும் மெட்டின் பெயராகவும் இருப்பதைக் கவனிக்கலாம். சாவுக்குரிய மெட்டைத் தெய்வச் சடங்கில் வாசிப்பது தகாது. கச்சேரியில் ஒரு ராகத்தை விரும்பிய நேரத்தில் பாடுவது போன்ற சுதந்திரம் இங்கே இல்லை.

அய்யனோர், அம்மனோர் என்ற தந்தை, தாய்த் தெய்வங்களுக்கான பெருவிழா மார்கழி, தை மாதங்களை ஒட்டி, பிறையைக் கணக்கிட்டுத் தொடங்கும். பல நாட்கள் நடைபெறும். கோயில் முன்னுள்ள திடலில் தீயைச் சுற்றி ஆண்கள் வெண்ணிற உடையில் வட்டமாக ஆடுவர். பெண்களின் ஆட்டம் தனியாக நடக்கும். கருவி வாசிப்பது ஆண்களின் வேலை. பாடுவதில் பெண்களின் பங்கு பெரிது.

ஈமச் சடங்கு இரண்டு வகைப்படும். இறந்தவுடன் நடப்பது ‘பச்சை’ச் சாவு, பின்னர் நடப்பது ‘வறண்ட’ சாவு என்று அவர்கள் மொழியிலேயே பெயர் உண்டு. பச்சை, வறள் என்ற இரண்டு சொற்களும் தமிழ் மாணவருக்கு உரை இல்லாமலே விளங்கும். வறண்ட சாவு, அவ்வப்போது இறந்தவர்களுக்காகச் சேர்த்து நடத்தப்படும் நீண்ட சடங்கு. அது முடிந்த பின்புதான் இறந்தவரின் பயணம் நிறைவு பெறுகிறது. இதை நடத்துவது இப்போது அரிதாகிவிட்டது. சடங்கு அரிதானால் அதற்குரிய மெட்டுகளை வாசிக்கும் வாய்ப்பும் குறையும். எழுத்தில் இல்லாத இசைக்கு வாசிக்கும் வாய்ப்பே பாடப்புத்தகம்.

1924 இல் கொல்லிமலை கோக்காலில் பரவிய காய்ச்சலில் மூத்தவர்கள் பலர் ஒரே சமயத்தில் இறந்தனர். பூசாரிகளும் குறி சொல்வோரும் அவர்களுள் இருந்தனர். வாய்மொழி மரபு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு நீலகிரி வரலாற்றில் இதைவிடத் தெளிவான நிகழ்ச்சி இல்லை.

மேளம் நின்றுபோன கதை

1930களில் படுகர் சமூகத்தில் கல்வி கற்ற சீர்திருத்தக்காரர்கள், சாவு வீட்டில் கோத்தர் மேளமும் ஆட்டமும் வேண்டாம் என்றனர். வீண் செலவு, பழங்காலப் பழக்கம் என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். முன்னோர் வழக்கத்தை விடக்கூடாது என்று மற்றொரு சாரார் நின்றனர். மேளம் வேண்டும், வேண்டாம் என்று படுகர் ஊர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்தன.

கோத்தர்கள் பக்கத்திலும் அதே காலத்தில் மாற்றம் நடந்துகொண்டிருந்தது. தங்களைத் தாழ்ந்தவர்களாக நடத்துபவர்களின் வாசலில் போய் ஏன் வாசிக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. அக்காலக் கோத்தர் சீர்திருத்தவாதிகளில் அறியப்பட்டவர் சுல்லி. கோத்தர்களில் முதன்முதலாக ஆங்கிலம் கற்றவர், பள்ளி ஆசிரியர். கோத்த ஆண்கள் முடி வளர்த்துக் கொண்டை போட்டிருந்த காலத்தில் முடியை வெட்டிக்கொண்டவர். அதற்காகத் தம் சமூகத்தாரிடமே எதிர்ப்பைச் சந்தித்தவர். அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மண்டல்பாம் இவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். மொழியியலாளர் எமனோ 1944 முதல் 1946 வரை வெளியிட்ட கோத்தர் மொழி உரைத் தொகுப்பு முழுவதும் சுல்லி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. பழையதை விட்டுவிடச் சொன்ன அதே மனிதர்தான் பழைய கதைகளையெல்லாம் எழுத்தில் ஏற்றிவைத்தார்.

படுகரும் கோத்தரும் ஆளுக்கொரு காரணத்துக்காக ஒரே முடிவை நோக்கி நகர்ந்தனர். சிறிது சிறிதாகக் கோத்தர் மேளம் படுகர் சாவுகளிலிருந்து விலகியது. அந்த இடத்தை இருளர், குறும்பர் முதலிய வேறு குழுக்கள் நிரப்பின. சமவெளியில் பறைக்கும் இதேபோல ஒரு வரலாறு உண்டு. சாவுக்குப் பறையடிப்பதை இழிவென்று மறுத்து அதற்காகத் தாக்குதலையும் எதிர்கொண்டவர்கள் ஒரு புறம். பறையை விடுதலையின் கருவியாக மேடை ஏற்றியவர்கள் மறு புறம். இருவரையும் எதிரிகளாகப் பார்ப்பது தவறு. கட்டாயத்தின் பேரில் வாசிப்பதை நிறுத்திய பின்புதான், விரும்பி வாசிப்பது என்ற ஒன்று தொடங்க முடிந்தது.

சேகரித்தவர்கள்

நீலகிரியின் பொருள்களைத் தேடிச் சேர்த்த வரலாறு ஆங்கில ஆட்சியோடு தொடங்குகிறது. 1868 இல் நீலகிரி தனி நிர்வாகப் பகுதியானபோது அதன் முதல் ஆணையராக வந்தவர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்துக்காக மலைச் சமூகங்களின் அணிகலன், கருவி, பாத்திரம் முதலியவற்றைச் சேகரிக்கும் பணி அவரிடம் வந்தது. 1872 இல் அவர் இறந்தார். அவருடைய நூல் 1873 இல் வெளிவந்தது. உதகையில் இன்றும் அவர் பெயரில் பள்ளி இருக்கிறது. அடுத்த தலைமுறையில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை 1909 இல் வெளியிட்டார். கோத்தர் பற்றிய நீண்ட பகுதி அதில் உண்டு. தர்ஸ்டன் மனிதர்களின் மூக்கையும் தலையையும் அளந்து இனம் பிரித்தவர் என்பதை மறக்காமல் அந்த நூலைப் படிக்க வேண்டும். கருவிகளைச் சேகரித்த கையும் மண்டை ஓட்டை அளந்த கையும் ஒன்றே.

இவர்கள் சேர்த்தவை பொருள்கள். ஒலியைச் சேர்க்கும் முயற்சி எடிசனின் மெழுகு உருளை வந்த பிறகு தொடங்கியது. தோடர்களை ஆராய 1901–02 இல் வந்த ரிவர்ஸ் மெழுகு உருளைகளில் பதிவுகள் செய்தார். அவை இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஓர் உருளையில் சில நிமிடங்களே பதிவாகும். இரவெல்லாம் நடக்கும் சடங்கிலிருந்து அந்தச் சில நிமிடங்களை எதற்கென்று தேர்ந்தெடுப்பது!

ரிச்சர்டு வுல்ஃப் வேறு வழியில் சென்றார். கோத்தர் மொழியைக் கற்றார், ஊர்களில் தங்கினார், சடங்குகளின் போக்கில் இசையைப் பதிவு செய்தார். கறுப்புப் பசுவின் குளம்படி என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய நூல் 2005 இல் வந்தது. கறுப்புப் பசு ஒன்று முன்னே நடந்து, அது கால் பதித்து நின்ற இடங்களில் கோத்தர் ஊர்கள் அமைந்தன என்ற அவர்களுடைய தோற்றக் கதையிலிருந்து வந்த தலைப்பு அது. ஒரு மெட்டு எந்தத் தெய்வத்துக்கு, எந்த இடத்தில், சடங்கின் எந்தக் கட்டத்தில் வாசிக்கப்படுகிறது என்பதைப் பிரித்துவிட்டால் அதில் மிஞ்சுவது மிகக் குறைவு என்பது நூல் முழுவதும் ஓடும் கருத்து.

வெளிநாட்டு ஆய்வாளர்கள் பதிவுகளை எடுத்துக்கொண்டு போய்விட, இந்தியாவில் எதுவும் மிஞ்சாத நிலை நெடுங்காலம் இருந்தது. இதை மாற்ற, பதிவின் படியை இந்தியாவிலேயே வைக்கும் நோக்கத்தோடு 1982 இல் இசை மானிடவியல் ஆவணக் காப்பகம் ஒன்று அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. இன்று அது டெல்லியை அடுத்த குருகிராமில் இயங்குகிறது. தமிழ்நாட்டில் இசைக்கருவிகளைப் பட்டியலிட்டுப் பாதுகாக்கும் பணியில் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியின் பெயரைத் தவிர்க்க முடியாது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் இசைக்கருவிகளுக்கு விளக்கப் பட்டியல் எழுதியவர் அவர்.

புகழ்பெற்ற ஒரு கலைஞர் இல்லாத இசை

ஒரு கருவியின் மதிப்பைத் தனி ஒரு கலைஞர் உயர்த்திவிட முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுகள் பல. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைக்கு முன் கஞ்சிரா கச்சேரி மேடைக்கு உரிய கருவியாக இல்லை. பஜனைக் கூடத்தில்தான் இருந்தது. அவருக்குப் பின் அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. நம் காலத்தில் ஜி. ஹரிசங்கர் (1958–2002). ஒற்றைக் கையால், ஒரு சாண் அகலத் தோலில் அவர் எழுப்பிய சொற்கட்டுகளைக் கேட்டு, வெளிநாட்டுத் தாளக் கலைஞர்கள் சிலர் கஞ்சிராவைக் கையில் எடுத்தனர். கடத்தின் கதையும் அப்படியே. சமையலறைப் பானையின் உறவினரான அந்த மண்குடத்தை 1970களில் சக்தி குழுவோடு உலக மேடைகளுக்குக் கொண்டுசென்றவர் விக்கு விநாயகராம். மிக்கி ஹார்ட் என்ற அமெரிக்க மேளக் கலைஞர் பல நாட்டுத் தாளக் கலைஞர்களைச் சேர்த்து 1991 இல் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ இசைத்தொகுப்பில் விநாயகராமும் சாகிர் உசேனும் வாசித்தனர். உலக இசைக்கென்று கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டது அந்தத் தொகுப்புக்குத்தான். மிக்கி ஹார்ட் உலகெங்கும் மேளங்களையும் அவற்றின் கதைகளையும் தேடிச் சேர்த்தவர். விரும்பும் கலைஞரைப் பின்பற்றி ஒரு கருவியை வாங்கி, பிறகு அபூர்வக் கருவிகளைச் சேகரிக்கும் பழக்கத்துக்குள் நுழைந்தவர்கள் பலருக்கு அவர் எழுதிய நூல்கள் தொடக்கமாக இருந்தன. பறைக்கலைஞர் வேலு ஆசானுக்கு 2025 இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதும் இந்த வரிசையில் சேரும்.

தபட்க் வாசித்துப் புகழ்பெற்ற ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் வெளியுலகில் விடை இல்லை. திறமை குறைவு அதற்குக் காரணமல்ல. கச்சேரி மேடையில் தனி ஆவர்த்தனம் உண்டு. அப்போது மற்றவர்கள் ஓய்ந்திருக்க, ஒருவர் தம் முழுத் திறமையையும் காட்டலாம். கோத்தர் இசையில் அப்படி ஓர் இடம் இல்லை. தொபர் நின்றுவிட்டால் தபட்கின் அடி பாதி வாக்கியம்தான். நல்ல வாசிப்பாளர் யார் என்பது ஊராருக்குத் தெரியும். குழல்காரர்களின் பெயர்கள் கோக்கால்களுக்குள் மதிப்போடு பேசப்படுகின்றன. அந்த மதிப்பு சுவரொட்டியாகவோ விருதாகவோ வெளியே வருவதில்லை, அவ்வளவே. ‘நட்சத்திரம்’ இல்லாத இசையை விளம்பரம் செய்வது கடினம் என்பதால் சுற்றுலா விழாக்களில் இதைப் பத்து நிமிட ஆட்டமாகச் சுருக்கிவிடுகிறார்கள். அது கோத்தர் இசையின் குறை ஆகாது.

பிற நீலகிரித் தோற்கருவிகள்

தோடர்களிடம் மேளம் இல்லை. மேளத்துக்குக் கோத்தர்களையே நம்பியிருந்தனர். பாட்டு மட்டும் அவர்களுடையது. நீலகிரிச் சரிவுகளிலும் அட்டப்பாடியிலும் வாழும் இருளரிடம் பொறை, தவில், குவால் என்ற குழல், ஜால்ரா ஆகியவை சேர்ந்த குழு உண்டு. கூடலூர் வட்டத்திலும் வயநாட்டிலும் வாழும் பணியரின் கருவி துடி. இடை சிறுத்த சிறு மேளம் அது. பாலைத் திணைக்குரிய பறையாகத் துடியைத் தமிழ் இலக்கண மரபு சொல்கிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் தரும் முப்பதுக்கும் மேற்பட்ட தோற்கருவிகளின் பட்டியலிலும் துடி உண்டு. அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் இன்று பெயராக மட்டுமே எஞ்சியிருக்க, துடி மட்டும் கொத்தடிமைகளாக வயல்களில் உழைத்த ஒரு சமூகத்தின் கையில் உயிரோடு இருந்திருக்கிறது.

சேகரிக்க விரும்புவோர் அறிய வேண்டியவை

அபூர்வத் தோற்கருவிகளைச் சேர்க்கும் ஆர்வம் இளைஞர்களிடையே பெருகிவருகிறது. சட்டம் இதில் சில எல்லைகளை வைத்திருக்கிறது. கஞ்சிராவுக்கு மரபாகப் பயன்பட்டது உடும்புத் தோல். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருப்பதால் அந்தத் தோலை வாங்குவதும் விற்பதும் குற்றம். மான் தோலுக்கும் அனுமதி இல்லை. இப்போது ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிரா செய்கிறார்கள். பழைய ஒலி வரவில்லை என்ற வருத்தம் கலைஞர்களிடம் உண்டு. உடும்புக்கு அந்த வருத்தம் இருக்காது. நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொருள் சட்டம் தடுக்கிறது.

சட்டம் சொல்லாத எல்லை ஒன்றும் உண்டு. சடங்கில் வாசிக்கும் மேளத்தை விலை பேசக் கூடாது. பணத் தேவையில் ஒருவர் விற்க முன்வந்தாலும், அது பெரும்பாலும் அவர் ஒருவருடைய பொருளாக இருப்பதில்லை. கருவி செய்யத் தெரிந்தவரிடம் புதிதாகச் செய்யச் சொல்லி உரிய கூலி கொடுத்து வாங்குவதே முறை. செய்பவருக்கு வேலையும் கிடைக்கும், செய்முறையும் மறக்காது. வாங்கும்போதே என்ன மரம், எந்த விலங்கின் தோல், யார் செய்தது, எந்த ஊர், எந்தச் சந்தர்ப்பத்தில் வாசிப்பது என்று எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஐந்தும் இல்லாத மேளம் அலமாரியில் வெறும் அலங்காரம்தான். பழைய அருங்காட்சியகச் சீட்டுகளில் ‘மேளம், நீலகிரி’ என்ற அளவில் நின்றுபோன பதிவுகளைக் கண்டவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

பாதுகாப்பிலும் கவனம் வேண்டும். தோற்கருவிக்கு ஈரமும் பகை, திடீர் வறட்சியும் பகை. குன்னூரில் வாங்கிய மேளத்தை ஏப்ரல் மாதத்தில் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கினால் இரண்டு மணி நேரத்தில் தோல் இறுகி, சில சமயம் பிளந்தும் விடும். சுவரில் ஆணி அடித்து வெயில் படும்படி மாட்டுவது, தோல் முகத்தின் மேல் கனமான பொருளை வைப்பது, பாலித்தீன் உறைக்குள் கட்டிவைத்துப் பூஞ்சை பிடிக்கவிடுவது ஆகிய மூன்றும் வழக்கமாக நடக்கும் தவறுகள். பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, அவ்வப்போது எடுத்து வாசிப்பதே நல்லது.

நேரில் காண

உதகையிலிருந்து சிறிது தொலைவிலுள்ள முத்தொரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆறு சமூகங்களின் குடிசை மாதிரிகளும் பயன்பாட்டுப் பொருள்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. உதகை நகரிலேயே 1989 இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகத்திலும் பழங்குடிப் பொருள்கள் உண்டு. கோத்தர் பெருவிழாவைக் காண விரும்புவோர் முன்கூட்டியே ஊர்ப் பெரியவர்களின் அனுமதியைக் கேட்க வேண்டும். விழாவின் சில பகுதிகளில் வெளியாருக்கு இடமில்லை. கோயில் எல்லைக்குள் செருப்பு அணியக்கூடாது. பதிவுக் கருவியை வெளியே எடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். மேளத்தைத் தீயில் காட்டத் தொடங்கும் நேரத்துக்கே போய்விட்டால், தொபரின் தளர்ந்த ஒலி மெல்ல மெல்ல இறுகி எழுவதைத் தொடக்கத்திலிருந்து கேட்கலாம்.